விரல் வலித்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். முதலில் தந்தியை அளந்து பாருங்கள்

பத்து காஜா – என் அக்கா மகனுக்கு 13 வயது. கடந்த பள்ளி விடுமுறையில் அவனுக்கு ஒரு பழைய பேஞ்சோ கிடைத்தது. ஈப்போவில் வீடு மாறிய தெரிந்தவர் ஒருவர், “சும்மாதான் கிடக்கிறது, பையன் வாசிக்கட்டும்” என்று கொடுத்துவிட்டார். 2024இல் வெளிவந்த பியோன்சேயின் ‘டெக்சஸ் ஹோல்டம்’ பாடலில் ரியானன் கிடன்ஸ் வாசித்த பேஞ்சோவைக் கேட்டதிலிருந்து அவனுக்கு அந்த ஒலியின் மீது ஆசை. யூடியூப் பார்த்துத் தானே கற்கத் தொடங்கினான்.

மூன்று வாரத்தில் அந்தப் பேஞ்சோ கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

“விரல் வலிக்குது சித்தி. எனக்கு இதெல்லாம் வராது போல.”

வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கை பழக வேண்டும் என்றார் ஒருவர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்றார் இன்னொருவர். நானும் அதையேதான் நினைத்தேன். தமிழ் படித்தவள் நான். பேஞ்சோவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

ஒரு நாள் அதை எடுத்து ஒரு தந்தியை நானே அழுத்திப் பார்த்தபோதுதான் உறைத்தது. தந்தி மரத்தைத் தொடவே இல்லை. பலம் கொண்ட மட்டும் அழுத்த வேண்டியிருந்தது. குறை பையனிடம் இல்லை, கருவியில் இருந்தது. அதைச் சரி செய்ய ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தில் கற்றதையே இங்கு எழுதுகிறேன். வீட்டில் பேஞ்சோ இல்லாதவர்களுக்கும் இதில் பயன் உண்டு. கித்தாரோ வயலினோ கற்கும் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் இதே நிலை வரலாம்.

பேஞ்சோ என்பது எது?

நம்மவர்களிடம் பேஞ்சோ என்றால் இரண்டு கருவிகள் நினைவுக்கு வரலாம். ஒன்று, தட்டச்சு இயந்திரம்போல் பொத்தான்கள் வரிசையாக உள்ள பெட்டி. இதன் பெயர் புல்புல் தாரா. இந்தியாவில் பல ஊர்களில் இதைத்தான் பேஞ்சோ என்கிறார்கள். 2016இல் வந்த ‘பேஞ்சோ’ என்ற இந்திப் படத்தின் கதாநாயகன் வாசிப்பதும் இந்த வகைதான். ஜப்பானின் நகோயா நகரில் மொரிட்டா கோரோ என்பவர் 1912இல் உருவாக்கிய தைஷோகோட்டோ என்ற கருவியே இதன் மூலம்.

மற்றொன்று, வட்டமான பறை போன்ற உடலும் நீண்ட கழுத்தும் கொண்ட மேற்கத்திய பேஞ்சோ. எங்கள் வீட்டுக்கு வந்தது இதுதான். இதற்கு அமெரிக்க நாட்டுப்புறக் கருவி என்ற பெயர் உண்டு. ஆனால் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அடிமைகளாகக் கரீபியத் தீவுகளுக்கும் வட அமெரிக்காவுக்கும் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்கர்கள், தோட்டங்களில் சுரைக்குடுக்கையின் மேல் தோல் கட்டி, கழுத்து பொருத்தி இதைச் செய்து வாசித்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் ஜோலா மக்களிடம் இன்றும் உள்ள அக்கொன்டிங் என்ற கருவி இதற்கு நெருங்கிய உறவு. தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகு, 1740ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் பறைகளையும் கொம்புகளையும் வைத்திருக்கத் தடை விதித்தது. பறைக்குத் தடை வந்த காலத்திலும் தோல் கட்டிய இந்தக் கருவி அவர்களிடம் தொடர்ந்து ஒலித்தது.

தோட்டத்து மக்களின் கையில் வளர்ந்த கருவி என்பதால், பால்மரத் தோட்டத்தில் பிறந்த என் அப்பாவுக்கு அதைப் பார்த்ததும் ஏதோ புரிந்தது. இளவயதில் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தப்பு அடித்தவர் அவர். பேஞ்சோவின் முகத்தை விரலால் நான்கைந்து இடங்களில் தட்டிப் பார்த்தார்.

“காய்ச்சாத தப்பு மாதிரி இருக்கு. ஒரு பக்கம் ஒரு சத்தம், இன்னொரு பக்கம் வேற சத்தம். தோலு சரியில்லாம தந்தி எப்படிச் சரியா இருக்கும்?”

வேலையை எங்கே தொடங்குவது என்பதை அந்த ஒரு பேச்சு காட்டிக் கொடுத்தது.

ஏடிஎம் அட்டையே அளவுகோல்

தந்தி உயரம் என்பது, மெட்டின் உச்சியிலிருந்து தந்தியின் அடிப்பக்கம் வரை உள்ள இடைவெளி. மெட்டு என்றால் கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகக் கம்பி. வீணையிலும் இதே சொல்தான். பொதுவாக இதைத் தலைப்பக்கத்திலிருந்து எண்ணி 12ஆம் மெட்டில் அளப்பார்கள். தந்தியின் சரிபாதி அங்கேதான் வரும்.

இரும்புத் தந்தி போட்ட ஐந்து தந்திப் பேஞ்சோவில் 12ஆம் மெட்டில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இருந்தால் வசதி. 2.5க்குக் கீழே போனால் தந்தி மெட்டில் உரசி இரையலாம். 4ஐத் தாண்டினால் புதிதாகக் கற்பவர் விரலுக்குக் கடினம்.

இவ்வளவு சிறிய இடைவெளியைப் பள்ளி அடிக்கோலால் அளப்பது சிரமம். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. வங்கி அட்டைகள் உலகம் முழுவதும் ஒரே தடிமனில் செய்யப்படுகின்றன: 0.76 மில்லிமீட்டர். நான்கு அட்டைகளை அடுக்கினால் 3.04. காலாவதியான அட்டைகளை எடுத்து, எண்கள் புடைத்திருக்காத பகுதியைச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். சுருதி சேர்த்த நிலையில், நடுவில் உள்ள மூன்றாம் தந்திக்கும் 12ஆம் மெட்டுக்கும் நடுவில் அவற்றை அடுக்கி நுழையுங்கள். தந்தியைத் தூக்காமல், லேசாகத் தொட்டபடி எத்தனை நுழைகிறதோ அதுவே உயரம்.

எங்கள் பேஞ்சோவில் ஏழு அட்டைகள் நுழைந்தன. அதாவது 5 மில்லிமீட்டருக்கும் மேல். பிள்ளை மூன்று வாரம் தாக்குப் பிடித்ததே பெரிது.

வரிசை மாறக்கூடாது

தந்தி உயர்ந்திருந்தால் உடனே குதிரையைத் தேய்த்துக் குறைக்கத்தான் பலருக்குத் தோன்றும். தந்திகளைத் தாங்கித் தோலின் மேல் நிற்கும் சிறிய மரத்துண்டுக்குத்தான் குதிரை என்று பெயர். ஆனால் தேய்த்த மரம் திரும்பி வராது. தோல் தொய்ந்திருக்கும்போது குதிரையைக் குறைத்துவிட்டு, பிறகு தோலை இறுக்கினால் எல்லா அளவும் மாறிவிடும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் தோல், அடுத்து கழுத்து, கடைசியில் குதிரை.

முதல் வேலை: தோல்

பழைய பேஞ்சோக்களில் கன்றுத் தோலோ ஆட்டுத் தோலோ இருக்கும். 1950களின் பிற்பகுதியிலிருந்து பிளாஸ்டிக் தகடு வந்தது. இன்று பெரும்பாலானவை அதுதான். இரண்டையும் பேச்சில் தோல் என்றே சொல்லலாம்.

குதிரை தோலின் மேல் நிற்பதால், தோல் தொய்ந்தால் குதிரை இறங்கும், தந்தியும் இறங்கும். தோல் இறுகினால் தந்தி ஏறும். உண்மையான தோலாக இருந்தால் நம் ஊர் ஈரம் அதை விடாது. கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகல் மழை பெய்தால் தோல் தொய்ந்து தந்தி இரையும். குளிர்சாதன அறையில் வைத்தால் இறுகித் தந்தி உயரும். தப்பைத் தீயில் காட்டிக் காய்ச்சுபவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிளாஸ்டிக் ஈரத்தால் அவ்வளவு மாறாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் கொக்கிகள் தளர்ந்து தொய்யும். எங்களுடையது இப்படித்தான் ஆகியிருந்தது.

பின்பக்கம் மரத்தட்டு மூடியிருந்தால் அதன் திருகுகளைக் கழற்றி எடுத்துவிடுங்கள். வட்டத்தைச் சுற்றி வரிசையாகக் கொக்கிகளும், ஒவ்வொன்றின் கீழும் ஒரு நட்டும் இருக்கும். சரியான அளவு ஸ்பேனரால் ஒரு நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்குங்கள். அடுத்து அதற்கு நேர் எதிரே உள்ளதை இறுக்குங்கள். கார் சக்கரம் மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்குவது போலத்தான். ஒரு பக்கமாக இறுக்கிக்கொண்டே போனால் வளையம் சாய்ந்துவிடும்.

ஒரு சுற்று முடிந்ததும் தந்திகளைக் கையால் அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு கொக்கிக்கும் அருகில் விரலால் தட்டிக் கேளுங்கள். ஒலி மந்தமாக உள்ள இடத்தில் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். எல்லா இடமும் ஒரே சுருதியில் பேசினால் போதும். நட்டு கடினமாகத் திரும்பத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் தோல் கிழியும். உண்மையான தோலை மழை நாளில் முழுக்க இறுக்காதீர்கள். மறுநாள் வெயிலில் அது தானே மேலும் இறுகும்.

கேட்கும் வேலையை அப்பா செய்தார், ஸ்பேனர் பையன் கையில். முடிவில் ஒலி தெளிந்தது. எதிர்பார்த்தபடியே தந்தி மேலும் ஏறி, அட்டைக் கணக்கு ஏழரைக்குப் போனது. பையன் முகம் வாடியது. இந்த இடத்தில் பயப்பட வேண்டாம். இனிமேல் எல்லாம் இறங்குமுகம்தான்.

இரண்டாம் வேலை: கழுத்து

கழுத்தில் இரண்டு குறைகள் வரலாம்.

முதலாவது, கழுத்து உடலோடு சேரும் இடம் தளர்வது. தந்திகள் எப்போதும் கழுத்தை முன்னோக்கி இழுக்கின்றன. உள்ளே பிடித்திருக்கும் நட்டு தளர்ந்தால் கழுத்து முன்னே சாய்ந்து தந்தி உயரும். ஒரு கையால் உடலையும் மறு கையால் கழுத்தையும் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசைந்தாலோ, சேரும் இடத்தில் ஒரு தாள் நுழைந்தாலோ அது தளர்ந்திருக்கிறது. தந்திகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பின்பக்கம் வழியாக அந்த நட்டை இறுக்குங்கள். எங்களுடையது முழுதாக ஒரு சுற்றுத் தளர்ந்திருந்தது. இறுக்கிச் சுருதி சேர்த்ததும் ஏழரை அட்டை ஆறாகக் குறைந்தது.

உடலுக்குள் குறுக்கே ஓடும் இரும்புத் தண்டைத் திருகி, கழுத்தின் சாய்வையே மாற்றும் முறையும் உண்டு. அது வட்டச் சட்டத்தை நெளிக்கக் கூடியது. அனுபவம் இல்லாதவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது, கழுத்து வில்லாக வளைவது. ஒரு தந்தியை முதல் மெட்டில் ஒரு விரலாலும், கழுத்து உடலைத் தொடும் இடத்து மெட்டில் மற்றொரு விரலாலும் அழுத்துங்கள். இப்போது அந்தத் தந்தியே நேர்கோட்டுக் கம்பு. நடுவில், 7ஆம் மெட்டருகே, அதற்குக் கீழே உள்ள இடைவெளியைப் பாருங்கள். சாதாரண ஏ4 தாள் இரண்டு மூன்று நுழையும் அளவு இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. எங்களுடையதில் பத்துத் தாள் நுழைந்தது. தந்தி முறுக்கிய நிலையில் பல ஆண்டுகள் சுவரோரம் சாய்ந்து கிடந்த கருவி அது.

பல பேஞ்சோக்களில் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. தலைப்பக்கத்தில் உள்ள சிறு மூடியைக் கழற்றினால் அதன் நட்டு தெரியும்; கருவியைப் பொறுத்து அலன் சாவியோ சிறு ஸ்பேனரோ தேவைப்படும். அதை வலப்புறம் திருப்பினால் கழுத்து நிமிரும். ஒரு நாளுக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். மரம் நிலைப்பட நேரம் எடுக்கும். அடுத்த நாள் சுருதி சேர்த்து மறுபடி அளந்துவிட்டு அடுத்த கால் சுற்றுக்குப் போகலாம். நட்டு அசைய மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். கம்பி உள்ளே முறிந்தால் சரி செய்யும் செலவு கருவியின் விலையைத் தாண்டிவிடும். கம்பியே இல்லாத பேஞ்சோக்களும் உண்டு. அவற்றில் வளைவு இருந்தால் கருவி செய்பவரிடம்தான் போக வேண்டும்.

நான்கு நாள், நான்கு கால் சுற்று. பத்துத் தாள் மூன்றானது. 12ஆம் மெட்டில் ஐந்து அட்டை.

மூன்றாம் வேலை: குதிரை

இப்போதுதான் குதிரை. இங்கே ஒரு எளிய கணக்கு உண்டு. 12ஆம் மெட்டு தந்தியின் பாதியில் இருப்பதால், குதிரையில் குறைக்கும் உயரத்தில் பாதிதான் அங்கே குறையும். 12ஆம் மெட்டில் 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் குதிரை 2 மில்லிமீட்டர் இறங்க வேண்டும்.

எங்களுக்கு இறங்க வேண்டியது ஓர் அட்டை, அதாவது முக்கால் மில்லிமீட்டர். அப்படியானால் குதிரை ஒன்றரை மில்லிமீட்டர் குறைய வேண்டும். இருந்த குதிரை 17.5 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்தில் பதினாறில் பதினொரு பங்கு. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் எட்டில் ஐந்து அங்குலக் குதிரை 15.9 மில்லிமீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் 1.6. தேய்க்கவே தேவைப்படவில்லை. இணையத்தில் ஒன்று வாங்கிக்கொண்டோம். பழையது பத்திரமாகப் பையில் இருக்கிறது.

குதிரை ஒட்டப்பட்டதல்ல. தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்திருக்கிறது. எடுப்பதற்கு முன் அது நிற்கும் இடத்தைத் தோலில் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொள்ளுங்கள். தந்திகளைக் கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். முகத்தைத் தள்ளியே வைத்திருங்கள். பழைய, துருவேறிய தந்தி அறுந்தால் கண்ணுக்கு ஆபத்து. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

புதிய குதிரை நிற்கும் இடத்தைக் காதால் சரி பார்க்க வேண்டும். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். ஒரு தந்தியை 12ஆம் மெட்டுக்கு நேர் மேலே அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணிபோல் ஒரு நாதம் வரும். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். அழுத்தியது கூடுதலாக ஒலித்தால் குதிரையைக் கழுத்திலிருந்து சற்றே தள்ளுங்கள். குறைவாக ஒலித்தால் கழுத்துப் பக்கம் நகர்த்துங்கள். தலைமயிர் அளவு நகர்த்தினாலும் வித்தியாசம் கேட்கும்.

அட்டைக் கணக்கு நான்குக்கு வந்தது. கடைசியாக, ஒவ்வொரு தந்தியையும் முதல் மெட்டிலிருந்து கடைசி மெட்டு வரை அழுத்தி மீட்டிப் பாருங்கள். எங்கேனும் இரைந்தால் தந்தி சற்று அதிகமாக இறங்கிவிட்டது என்று பொருள். மீண்டும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

எங்கே நிறுத்த வேண்டும்?

12ஆம் மெட்டில் எல்லாம் சரியாக இருந்தும் முதல் இரண்டு மெட்டுகளில் மட்டும் அழுத்தக் கடினமாக இருந்தால், தலைப்பக்கம் தந்திகள் படியும் சிறு பட்டையில் உள்ள வெட்டுகள் ஆழம் போதாமல் இருக்கலாம். சோதிக்க, தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்துங்கள். அப்போது முதல் மெட்டின் மேல் ஒரு தாள் அளவுக்கே இடைவெளி இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் அந்த வெட்டை மெல்லிய அரத்தால் ஆழப்படுத்த வேண்டும். அந்த அரத்தை வீட்டில் எடுக்காதீர்கள். ஓர் இழுப்பு அதிகமானால் பட்டையையே மாற்ற நேரிடும். ஈப்போவில் கித்தார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் செய்துவிடுவார். கித்தாரிலும் இதே வேலைதான்.

புல்புல் தாரா வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். அதில் பொத்தானே தந்தியைக் கீழே தள்ளி மெட்டில் அழுத்துகிறது. பொத்தான் கனத்தால் முதலில் துருவேறிய தந்தியை மாற்றுங்கள், பொத்தான்களுக்கு அடியில் சேர்ந்த தூசியைத் தூரிகையால் எடுங்கள். பல நேரம் அதுவே போதும். அப்படியும் உயரமாக இருந்தால்தான் குதிரையைக் கவனிக்க வேண்டும்.

மற்ற கருவிகளுக்கும் இதே சோதனைதான். இரும்புத் தந்திக் கித்தாரில் 12ஆம் மெட்டில் மூன்று அட்டை, நைலான் தந்திக் கித்தாரில் நான்கிலிருந்து ஐந்து அட்டை என்பது கற்பவருக்கு ஏற்ற அளவு. வயலினின் குதிரையும் ஒட்டப்படாததுதான், ஆனால் அதன் வளைவு நுட்பமானது, ஆசிரியரிடம் காட்டுங்கள். வீணையில் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் பதிக்கப்பட்டவை. அதை வீட்டில் தொடவே வேண்டாம்.

சரி செய்த கருவியைக் காப்பதும் முக்கியம். வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். குளிர்சாதனத்தின் நேர் கீழே வைக்காதீர்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் இரண்டு போடுங்கள். நீண்ட நாள் வாசிக்கப் போவதில்லை என்றால் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

மறுபடி கட்டிலுக்கு மேல்

கோயில் வகுப்பிலோ இசைப்பள்ளியிலோ சேர்ந்த பிள்ளைகள் சில வாரங்களில் நின்றுவிடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். ஆனால் நாம் வாங்கித் தருவது பெரும்பாலும் விலை குறைந்த கருவி அல்லது யாரோ வைத்திருந்த பழைய கருவி. அப்படிப்பட்டவற்றில்தான் தந்தி உயர்ந்திருக்கும் வாய்ப்பும் அதிகம். கருவி தரும் வலியைப் பிள்ளை தன் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்கிறது. நாமும் ஆமாம் என்கிறோம். “எனக்கு வராது” என்று ஒரு பிள்ளை 13 வயதில் முடிவு செய்துவிட்டால், அதன் பிறகு அதை மாற்றுவது எளிதல்ல.

எங்கள் வீட்டில் சுருதி சேர்த்து முடித்த மாலை, பையன் பேஞ்சோவை மடியில் வைத்து முதல் மெட்டிலிருந்து மெதுவாக அழுத்திக்கொண்டே போனான். ஐந்தாறு மெட்டு தாண்டியதும் நிமிர்ந்து பார்த்தான்.

“சித்தி, இவ்வளவு லேசா?”

அப்பா பேஞ்சோவின் முகத்தை இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். “இப்பதான் பேசுது. வாசி ஐயா” என்றார்.

விரல் நுனி இன்னும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. அது பழகப் பழகப் போகும் வலி. பேஞ்சோ இப்போது கட்டிலுக்கு மேல் இருக்கிறது.